மும்முனை மோட்டார் இழுக்கும் வண்டியில் நான்கு நாள்

முதல் நாள், திங்கள்: கோவை – மேட்டுப்பாளையம்

ஐப்பசி மழை பிடித்துவிட்டது. மழை பிடித்தால் தோட்டத்துக் கிணறுகளில் மோட்டார் ஓடாது. ஓடாத மோட்டார் எரியாது. எரியாவிட்டால் எனக்கு வேலை இல்லை. இருகூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கியது. இந்த மாதத்தில் நான்கைந்து நாள் பட்டறையைப் பூட்டி வைப்பது எங்களுக்கு வழக்கம்தான். இந்த முறை அந்த நாட்களை மாமாவுக்கென்று ஒதுக்கிவிட்டேன்.

மாமா, அம்மாவின் தம்பி. சென்னை பெரம்பூரில் உள்ள ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில், ஷெல் பிரிவில் வெல்டராக இருந்து 2019-ல் ஓய்வு பெற்றவர். ரயில் பெட்டியின் கூட்டைச் செய்வது ஷெல் பிரிவு. அதற்குள் இருக்கை, விளக்கு, மின்விசிறி எல்லாம் பொருத்தி முடிப்பது ஃபர்னிஷிங் பிரிவு. சர்க்கரை நோயால் அவருக்குக் கண் மங்கிவிட்டது. எதிரே நிற்பவர் யார் என்று தெரியும், எழுத்து படிக்க முடியாது. "எங்கள் ஆலையில் செய்த புது மெமு ரயில் உங்கள் பக்கம் ஓடுகிறதாமே, அதில் என்னை ஏற்றிவிடு மாப்பிள்ளை" என்று தீபாவளிக்குப் பேசும்போதே கேட்டிருந்தார். சனிக்கிழமை இரவு வண்டியேறி வந்துவிட்டார்.

கோவை ஜங்ஷனில் மேட்டுப்பாளையம் வண்டி நின்றிருந்தது. 36 கிலோமீட்டருக்கு டிக்கெட் 10 ரூபாய். ஏறுவதற்கு முன்பு மாமா பெட்டியின் வெளிச்சுவர் அருகே போய் நின்றார். கட்டைவிரலைத் தகட்டில் வைத்து, பட்டுத் துணியைத் தடவிப் பார்ப்பவர்போல மெல்ல இழுத்துக்கொண்டே நடந்தார். நானும் கிட்டத்தில் குனிந்து பார்த்தேன். துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில், நூல் பிடித்ததுபோல ஒரே வரிசையில், கொத்தமல்லி விதையைவிடச் சற்றே பெரிய வட்டக் குழிகள். இத்தனை வருடம் இந்த ஊர் ரயிலில் போய் வருகிறேன், அந்தக் குழிகள் என் கண்ணில் பட்டதே இல்லை.

"ஸ்பாட் வெல்டு" என்றார் மாமா. "இரண்டு பக்கமும் செம்பு முனை வந்து தகட்டைக் கவ்வும். கரண்ட் பாயும். அந்தப் புள்ளி மட்டும் உருகி இரண்டு தகடும் ஒன்றாகும். ராடு வேண்டாம், வேறு உலோகம் வேண்டாம். குழி ஆழமாக விழுந்தால் அழுத்தம் கூடிவிட்டது என்று பொருள். குழியே விழாவிட்டால் பிடிக்கவில்லை என்று பொருள். நாங்கள் கண்ணால் பார்ப்பதற்கு முன் விரலால்தான் பார்ப்போம்."

பெட்டியின் கோடியில் பதித்திருந்த தகட்டைப் படிக்கச் சொன்னார். பெரம்பூர் என்றும் ஆண்டும் இருந்தது. அவர் ஓய்வு பெற்ற பிறகு செய்த பெட்டி. முகம் வாடுமோ என்று பார்த்தேன். இல்லை, மலர்ந்தது. "நான் வேலை சொல்லிக் கொடுத்த பையன்கள் செய்திருப்பார்கள்" என்றார். இன்னொரு முறை அந்தக் குழி வரிசையைத் தடவிவிட்டு, "நன்றாகவே செய்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் படியில் கால் வைத்தார்.

மெமு என்பது தனி எஞ்சின் இல்லாத குறுந்தூர மின்சார வண்டி. முன்னாலும் பின்னாலும் உள்ள பெட்டிகளிலேயே ஓட்டுநர் அறையும் மோட்டாரும் இருக்கின்றன. மேட்டுப்பாளையம் போன்ற கடைசி நிலையத்தில் இதன் அருமை தெரியும். எஞ்சின் வைத்த வண்டியென்றால் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளத்தில் சுற்றிக் கொண்டுவந்து மறு முனையில் மாட்ட வேண்டும். இதில் ஓட்டுநர் ஒரு முனையிலிருந்து இறங்கி மறு முனைக்கு நடந்து போனால் போதும், வண்டி திரும்பத் தயார்.

நாங்கள் மோட்டார் பெட்டியில் உட்கார்ந்தோம். மாமா தகட்டுக்காக வந்தவர், நான் மோட்டாருக்காக வந்தவன். வண்டி கிளம்பியதும் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு ஓசை எழுந்தது. தாழ்ந்து தொடங்கி, படிப்படியாக ஏறி, பிறகு சக்கரச் சத்தத்தில் கலந்துவிட்டது. குலுக்கல் இல்லை, பின்னுக்குத் தள்ளும் வெட்டு இல்லை. அந்த ஓசைக்குக் காரணம் எனக்குத் தெரியும் என்பதால் உடம்பு சிலிர்த்தது.

கொங்கு நாட்டு விவசாயி எவரைக் கேட்டாலும் மும்முனை மின்சாரம் என்றால் என்ன என்று சொல்வார். அது எந்த நேரத்தில் வரும் என்பதை வைத்துத்தான் பல வீடுகளில் தூக்கமே. அந்த மின்சாரத்தில் ஓடும் கிணற்று மோட்டாரும் இந்த வண்டியின் மோட்டாரும் ஒரே குலம். வெளியே செம்புக் கம்பி கட்டிய, சுழலாத ஸ்டேட்டர்; உள்ளே அணில் கூண்டுபோல் கம்பிகள் கோத்த, சுழலும் ரோட்டார். நடுவில் தொடுவதற்கு எதுவுமில்லை. பழைய மெமுக்களில் இருந்தது டி.சி. மோட்டார். அதில் கார்பன் பிரஷ் உண்டு, கம்யூட்டேட்டர் உண்டு. இரண்டும் உரசித் தேயும், பொறி தட்டும், அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும். அந்தத் தொல்லை இதில் இல்லை.

ஒரே ஒரு வித்தியாசம்தான் பெரிய வித்தியாசம். தோட்டத்து மோட்டாருக்கு 50 சைக்கிள் மின்சாரம், அதாவது நொடிக்கு 50 தரம் அலைபோல் ஏறி இறங்கும் மின்சாரம், மட்டுமே தெரியும். நாலு போல் மோட்டார் என்றால் நிமிடத்துக்கு 1,440 சுற்று, அதற்குக் கூடவும் வைக்க முடியாது, குறைக்கவும் முடியாது. நின்ற நிலையிலிருந்து எடுக்கும்போது கரண்டை ஏகமாக இழுக்கும். அதனால்தான் ஸ்டார்ட்டர் பெட்டி. ரயிலிலோ மேலே ஓடும் கம்பியிலிருந்து 25,000 வோல்ட் ஒற்றை முனை மின்சாரம் வருகிறது. டிரான்ஸ்ஃபார்மர் அதைக் குறைக்கிறது. கன்வெர்ட்டர் அதை டி.சி.யாக்கி, மறுபடி மும்முனையாக வெட்டி, வேண்டிய சைக்கிளில் மோட்டாருக்கு ஊட்டுகிறது. கிளம்பும்போது மிகக் குறைந்த சைக்கிள், வேகம் கூடக் கூட அதுவும் ஏறும். காதில் ஏறிய அந்த ஓசை, மோட்டாருக்கு இப்படி ஊட்டுகிற ஓசைதான்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். "முப்பத்து மூன்று வருடம் கூட்டைச் செய்தேன், உள்ளே இருக்கிற உயிரைப் பற்றி நீ சொல்லித் தெரிந்துகொள்கிறேன்" என்றார்.

துடியலூரில் கல்லூரிப் பிள்ளைகள் இறங்கினார்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் வேலை முடிந்த ஆட்கள் சாப்பாட்டுத் தூக்கோடு ஏறினார்கள். நூற்பு இயந்திரம் செய்யும் ஊர் அது. காரமடையில் ஒரு பாட்டி, இரண்டு கட்டு வெற்றிலையோடு எங்கள் எதிரே உட்கார்ந்து, அரங்கநாதர் கோயில் திசை பார்த்து ஒரு கும்பிடு போட்டார். மேட்டுப்பாளையத்தில் இறங்கியபோது மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது.

பக்கத்து நடைமேடையில் நீலகிரி மலை ரயிலின் நீலப் பெட்டிகள். கல்லாறு தாண்டினால் 12 அடிக்கு ஓரடி ஏற்றம், பல் சக்கரம் இல்லாமல் ஏற முடியாது. 1899-ல் குன்னூர் வரைக்கும் 1908-ல் ஊட்டி வரைக்கும் போன பாதை அது. அதன் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. பின்னாளில் அதே மாதிரியைத் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே செய்துவிட்டார்கள். பெரம்பூர் கதையும் அப்படித்தான் என்றார் மாமா. 1955 அக்டோபர் 2-ல் நேரு திறந்து வைத்தபோது பெட்டியின் வடிவமும் நுட்பமும் ஒரு சுவிஸ் நிறுவனத்திடமிருந்து வந்தன. 2018-ல் முதல் வந்தே பாரத் ரயில் வெளியே வந்தபோது வடிவமும் நம் பொறியாளர்களுடையது. அன்று மாமா அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறார். மலைக்குப் போகும் பல் சக்கர வண்டியும் கோவைக்குத் திரும்பும் மெமுவும் பத்தடி இடைவெளியில் நிற்க, இரண்டையும் செய்த கைகள் தமிழ்நாட்டுக் கைகள் என்பதை நினைத்துக்கொண்டே மழையில் தேநீர் குடித்தோம்.

இரண்டாம் நாள், செவ்வாய்: போத்தனூர் – வாளையாறு

இன்று பாலக்காட்டுப் பக்கம். மழை விட்டிருந்தது.

போத்தனூருக்கு நான் எப்போதும் மரியாதை கொடுப்பேன். சென்னையிலிருந்து பேப்பூர் கடற்கரைக்குப் போட்ட பாதை 1862-ல் இங்கே வந்தபோது கோவை நகரைத் தொடவே இல்லை. இருகூரிலிருந்து நேராகப் போத்தனூருக்குப் போய்விட்டது. கோவைக்கு ரயில் கிடைத்தது 1873-ல் மேட்டுப்பாளையம் கிளை போட்ட பிறகுதான். இந்த விஷயத்தை வியாழக்கிழமைக் குறிப்பில் மறுபடி எடுப்பேன்.

மதுக்கரை தாண்டியதும் வண்டி வேகத்தைக் குறைத்தது. இங்கிருந்து வாளையாறு வரை தண்டவாளம் யானைகளின் வழியில் கிடக்கிறது. எத்தனையோ யானைகள் இந்தக் காட்டில் ரயிலில் அடிபட்டுச் செத்திருக்கின்றன. 2024-ல் வனத்துறை மதுக்கரையில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களை வைத்தது. யானை தண்டவாளத்தை நெருங்கினால் உடனே தகவல் போகிறது. யானைகள் கடக்கப் பாதைக்கு அடியில் வழியும் விட்டிருக்கிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காட்டைப் பார்த்தார்கள். மயில்தான் தெரிந்தது.

வேகம் குறைந்தபோது நான் காதைத் தீட்டிக்கொண்டேன். நேற்று ஏறிய ஓசை இன்று இறங்கியது. பிரேக் கட்டை சக்கரத்தில் உரசும் சத்தம் கடைசியில்தான் வந்தது. அதுவரை வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தது மோட்டார்தான். சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் மின்சாரம் செய்து மேலே உள்ள கம்பிக்கே திருப்பி அனுப்புகிறது. அடுத்து வரும் வண்டி அதை எடுத்துக்கொள்ளும்.

மாமாவுக்கு இது நம்ப முடியாததாக இருந்தது. பல்லடம், உடுமலை காற்றாலைகளைச் சொன்னேன். அங்கே உள்ள பழைய காற்றாலைகள் பலவற்றில் இருப்பதும் இதே இனத்து மோட்டார்தான். மின்சாரம் கொடுத்தால் சுழலும். அதற்கென்று உள்ள வேகத்துக்கு மேல் வெளியிலிருந்து சுழற்றினால் மின்சாரம் கொடுக்கும். ஆடிக் காற்று இறக்கையைத் தள்ளுகிறது, இங்கே ஓடும் வண்டியின் பாரம் தள்ளுகிறது. மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியென்றால் நிறைய நிறுத்தம் உள்ள வண்டிக்கு இது வரப்பிரசாதம்" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். நாற்பது நிமிடத்துக்கு ஒரு தரம் நிற்கும் எக்ஸ்பிரஸைவிட, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் நின்று கிளம்பும் வண்டியில்தான் இந்தச் சேமிப்பு தெரியும்.

இந்தப் பக்கத்து மெமுக்களைப் பராமரிக்கும் பணிமனை பாலக்காட்டில் இருக்கிறது. உள்ளே போக அனுமதி வாங்கியிருக்கவில்லை. திரும்பிவிட்டோம்.

மூன்றாம் நாள், புதன்: திருப்பூர் – ஈரோடு

காலையிலேயே அத்தை போனில் மாமாவைத் திட்டினார், மருந்து எடுத்துப் போகவில்லை என்று. மருந்துக் கடையில் நின்றதில் நேரமாகிவிட்டது. என் மனைவி கட்டிக் கொடுத்த சந்தகையும் தேங்காய்ப்பாலும் பையில் இருந்தன.

திருப்பூர் நடைமேடையில் கால் வைக்க இடமில்லை. வஞ்சிபாளையம், ஊத்துக்குளி, விஜயமங்கலம் என்று சுற்றுவட்டாரம் முழுக்க இங்கே பனியன் கம்பெனிக்கு வருகிறது. தமிழோடு இந்தியும் ஒடியாவும் வங்காளமும் காதில் விழுகின்றன. குறுந்தூர வண்டியில் மாமாவுக்கு ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தார். ஊத்துக்குளிக்காரர், ஓவர்லாக் தைப்பவர். இரவு ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போகிறார். பத்து மணிநேரம் மெஷின் முன்னால் குனிந்திருந்த முதுகோடு எழுந்து இடம் கொடுத்தது என் மனதில் நிற்கிறது.

"ரயில் கிடைத்தால் எனக்குக் கால் மணி நேரம்" என்றார். "விட்டால் பஸ் மாறிப் போக ஒரு மணி நேரம் ஆகிறது. வண்டி எங்கள் ஷிப்ட் நேரத்துக்கு ஒத்து வந்தால் இங்கே பாதிப் பேர் பஸ்ஸிலே ஏற மாட்டார்கள்."

இந்தப் பயணத்தில் கேட்ட பேச்சுகளில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். கோவையிலிருந்து திருப்பூர் 50 கிலோமீட்டர், திருப்பூரிலிருந்து ஈரோடும் ஏறக்குறைய அவ்வளவே. நடுவில் ஊர் ஓயாமல் தொடர்கிறது. நூற்பாலை, சாயப் பட்டறை, நிட்டிங், வார்ப்படம், பம்பு. இதை மூன்று ஊர் என்று சொல்வதைவிட மூன்று பேர் வைத்த ஒரே ஊர் என்பேன். நீண்ட தூர எக்ஸ்பிரஸ்கள் இதன் ஊடாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. வேலைக்குப் போகிறவன் ஏறி இறங்கும் வண்டி விரல் விட்டு எண்ணும்படிதான் இருக்கிறது.

மாமா சென்னைக் கதை சொன்னார். 2025 ஏப்ரல் 19-ல் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே முதல் குளிர்சாதன மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 12 பெட்டி, பெரம்பூரில் செய்தது, கதவு தானாக மூடிக்கொள்ளும். குறைந்த கட்டணம் 35 ரூபாய். அந்தக் கட்டணம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்று அவர் நினைக்கிறார். ஆனால் படியில் தொங்கி விழுந்த பிள்ளைகளை நேரில் பார்த்தவர் என்பதால், மூடும் கதவு ஒன்றுக்காகவே அதைக் கொண்டாடுகிறார். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு ஓட்டுநர் இல்லாமல் ஓடக்கூடிய பெட்டிகள் ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டியில் உருவாகின்றன. செய்கிற ஆல்ஸ்டாம் நிறுவனத்துக்குக் கோவையிலும் ஆலை உண்டு, ரயிலுக்கான மின் பாகங்கள் செய்கிற ஆலை. கோவைக்குப் பைக்காரா மின்சாரம் வந்தது 1930-களின் தொடக்கத்தில். 1937-ல் ஜி.டி. நாயுடுவின் காலத்தில் மோட்டார் செய்தாகிவிட்டது. ரயில் மோட்டாருக்கு ஊட்டும் பாகம் வரைக்கும் செய்ய இங்கே கை உண்டு. அப்படிப்பட்ட ஊர் மக்கள், பக்கத்து ஊர் வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்துக் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஈரோட்டில் காவிரிப் பாலம் வரை நடந்தோம். ஆறு செந்நிறமாகக் கரை தொட்டு ஓடியது. சந்தகையைப் படித்துறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

நான்காம் நாள், வியாழன்: கோவையைச் சுற்றி

இன்று ரயிலில் ஏறவில்லை. என் டூவீலரில் மாமாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தொடர்ந்தேன். காட்ட வேண்டியது ஒன்று இருந்தது.

இருகூரில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சிங்காநல்லூர், பீளமேடு, கோவை வடக்கு வழியாகக் கோவை ஜங்ஷன் போகிறது. இன்னொன்று 1862-ல் போட்ட பழைய நேர்ப்பாதை, போத்தனூருக்கு. ஜங்ஷனும் போத்தனூரும் தண்டவாளத்தால் இணைந்தே இருக்கின்றன. ஆக, கோவையைச் சுற்றி ஒரு முழு வளையம் தண்டவாளம் ஏற்கெனவே கிடக்கிறது. மேலே மின்கம்பியும் இருக்கிறது. வளையத்தின் மேலேயே மில்கள், மருத்துவமனைகள், கல்லூரிகள், பம்பு ஆலைகள்.

பீளமேடு நிலையத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். நிழலான, அழகான சின்ன நிலையம். இரண்டு எக்ஸ்பிரஸ்கள் நிற்காமல் போயின. வெளியே அவிநாசி சாலையில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. அந்தச் சாலைக்கும் சத்தி சாலைக்குமாகத் தீட்டிய மெட்ரோ திட்டம் 2025 நவம்பரில் டெல்லியிலிருந்து திரும்பி வந்தது. மெட்ரோ வேண்டும் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன். அது வரும்போது வரட்டும். இந்த வளையத்தில் நான்கு மெமுவை விட்டு, காலையும் மாலையும் அரை மணிக்கு ஒன்று என்று சுற்றவிடலாம். எக்ஸ்பிரஸும் சரக்கு வண்டியும் ஓடும் பாதையில் அதற்கு இடம் பிரிப்பது எளிதில்லை என்பது தெரியும். சிக்னலும் நடைமேடையும் கூட வேண்டியிருக்கும். ஆனாலும் புதிதாகத் தூண் நடுவதைவிட அது சிறிய வேலைதான். சட்டென்று வேகம் பிடித்து, சட்டென்று நின்று, நிற்கும்போதே மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும் வண்டி இந்த மாதிரி வளையத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது.

"பெரம்பூரில் வண்டியைச் செய்து அனுப்பும்போது அது எந்த ஊருக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரியாது" என்றார் மாமா. "வெள்ளையடித்த சுவரில் சாக்பீஸால் எண்ணை எழுதி வைத்திருப்போம். இந்த எண் எங்கே ஓடுகிறதோ என்று டீ குடிக்கும்போது பேசிக்கொள்வோம். இங்கே ஓடினால் நன்றாக இருக்கும்."

மாலை பட்டறைக்குத் திரும்பினோம். மேசைமேல் பழைய காயிலை வெட்டி எடுத்துச் சுத்தம் செய்த ஸ்டேட்டர் ஒன்று இருந்தது. மாமா அதன் உள்வாயில் விரலை விட்டு, காயில் உட்காரும் பள்ளங்களான ஸ்லாட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். முப்பத்தாறு. சரிதானா என்று கேட்டார். சரிதான் என்றேன். "அந்த வண்டியில் கேட்ட சத்தம் இதற்குள்ளிருந்துதான் வருகிறது, இல்லையா?" என்று கேட்டபடி மறுபடி எண்ணத் தொடங்கினார்.

அந்த நேரம் சூலூரிலிருந்து போன். ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் எரிந்துவிட்டது, கிணறு நிரம்பி நிற்கிறது, வாழைக்குள் நிற்கும் தண்ணீரை இறைத்து வெளியே விட வேண்டும், நாளைக் காலைக்குள் வேண்டும் என்றார் அந்த அண்ணன். ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு விளக்கைப் போட்டேன். மாமா செம்புக் கம்பி உருளையை மடியில் வைத்துக்கொண்டு, கம்பி முனையைத் தேடிப் பிடித்து என் கையில் கொடுத்தார்.